புயலின் நடுவில் காற்று திடீரென்று நின்றுவிடுவது ஏன்?

புயல் ஓய்ந்துவிட்டதாக நினைத்து யாரும் வெளியே வந்துவிடக் கூடாதே என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடல் மேற்பரப்பு 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் நீராவி நிறைய மேலே போகிறது. மேலே குளிர்ந்து மேகமாகும்போது அது தன் வெப்பத்தை வெளியே விடுகிறது, அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை இன்னும் மேலே தூக்குகிறது, கீழே அழுத்தம் குறைய, நாலாபுறமிருந்தும் காற்று உள்ளே பாய்கிறது. பூமி சுழல்வதால் அது நேராகப் போய்ச் சேராமல் வளைந்து சுற்ற ஆரம்பிக்கிறது, நம் பக்கம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

சரி, நடுவில் ஏன் அமைதி? சுற்றும் வேகத்தில் காற்றால் மையம் வரை நுழைய முடிவதில்லை, அதைச் சுற்றியே ஒரு சுவர் போல மேலேறிவிடுகிறது. மிக மோசமான காற்றும் மழையும் அந்தச் சுவரில்தான். உள்ளே, அதாவது கண் பகுதியில், காற்று மெதுவாகக் கீழிறங்குவதால் மேகம் கலைந்து சில நேரம் வானம்கூடத் தெரியும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இதுதான் நடந்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் வந்ததும் அடங்கி, அப்புறம் எதிர்ப்பக்கமாகத் தெற்கிலிருந்து அடித்தது. ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்து நிற்கும் மரம் அந்த இரண்டாவது அடியில் சுலபமாக விழும். கரையேறிய பிறகு ஈரமும் வெப்பமும் கிடைக்காமல் புயல் வலுவிழக்கும், ஆனால் மழை உள்மாவட்டங்கள் வரை தொடரும்.

கண் கடக்கும் அமைதி சில நிமிடங்களிலேயே முடிந்துவிடலாம். வானிலை மையம் புயல் முழுதாகக் கடந்துவிட்டது என்று சொல்லும் வரை கதவைத் திறக்காதீர்கள்.