சீட்டு எடுக்கலாமா, நகை வைக்கலாமா? ஞாயிறு கேள்வி பதில்

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் சேமிப்புக் குழுவில் இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில். நான் பாலிசி விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. யோசனை சொல்கிற யாராக இருந்தாலும் இதை முதலில் கேட்டுவிடுங்கள்.

பவானி, தறி வைத்திருப்பவர்: ஐயா, 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாசம். மூணாவது மாசமே 1,25,000 தள்ளி எடுத்தா இன்னொரு தறி வாங்கிடலாம். சீட்டுக்கு ஏது வட்டி, தைரியமா எடுன்னு குழுவில் ஒருத்தர் சொல்றார். எடுக்கட்டுங்களா?

வட்டி இருக்கிறது தம்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தள்ளிய, அதாவது முன்கூட்டியே எடுக்க ஏலத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் 1,25,000-இல், சீட்டு நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம் என்றால் 25,000 போய்விடும் (சட்டப்படி 7 சதவீதம் வரை எடுக்கலாம்). மீதி ஒரு லட்சம் 20 பேருக்கு, ஆளுக்கு 5,000 கழிவு. அந்த மாதம் 25,000-க்குப் பதில் 20,000 கட்டுவீர்கள். முதல் மூன்று மாதமும் இப்படியே என்றால் நீங்கள் கட்டியது 60,000, கைக்கு வருவது 3,75,000. ஆக, வாங்கிய கடன் 3,15,000-தான்.

அப்புறம் தள்ளு குறையக் குறையக் கழிவும் குறையும். மீதி 17 மாதமும் சராசரி 22,500 என்று வைத்தால் 3,82,500 கட்ட வேண்டும். கூடுதல் 67,500 பெரிதாகத் தெரியாது. ஆனால் அசலும் மாதாமாதம் கரைகிறதே! குறைகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் ரெண்டேகால் ரூபாய் வருகிறது. வருடத்துக்கு 27 சதவீதம். வங்கி நகைக்கடன் வட்டி இதில் பாதிகூட வராது.

சீட்டே கூடாது என்று சொல்லவில்லை. கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. 1982 சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று மட்டும் பாருங்கள். நோட்டில் எழுதுகிற சீட்டில் ஆள் ஊரைவிட்டுப் போனால் நோட்டுதான் மிஞ்சும்.

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்: கம்பெனி மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துடறேன்ணா. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. தப்புங்களா?

எடுக்காதீர்கள் அம்மிணி. அதே யுஏஎன் எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். மொத்தம் 10 வருடம் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் கணக்கில் வராது.

பொள்ளாச்சி: தோப்பு விற்ற 12 லட்சம் ஒரே கூட்டுறவு வங்கியில் இருக்கு. பயமா இருக்குங்க.

வங்கிகளில் ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. மூன்று வங்கியாகப் பிரித்துப் போடுங்கள். ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

பெருந்துறை: மாசம் 10 சதவீதம் தர்றாங்களாம். மாமா போட்டுட்டார், ரெண்டு மாசமா சரியா வருது.

பெருந்துறைக்காரர் இதைக் கேட்கலாமா! ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று சொல்லி ஏமாற்றியது உங்கள் ஊரில்தானே! 2012-இல் ஈமு கோழிக்கு என் சித்தப்பா போட்ட கம்பிவலைக் கொட்டகையில் இன்று ஆடு கட்டுகிறோம். அங்கேயும் முதலில் பணம் சரியாகத்தான் வந்தது. மாமாவிடம் ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வரவு நின்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க அவைதான் வேண்டும்.

கரூர்: டெலிகிராம் ஷேர் குழுவில் லாபம் காட்டுது, எடுக்கப் போனா வரி கட்டச் சொல்றாங்க.

ஒரு பைசா கட்டாதீர்கள். இது மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

மறுபடியும் பவானி: கணக்குப் போட்டுட்டேனுங்க, நகைக்கடன்தான் சரி. ஆனா வீட்டுல நகை தரமாட்டேங்கறாங்களே?

அதற்கு வங்கிக்காரன் என்ன செய்ய முடியும் தம்பி? கணக்கு எழுதிய தாளை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தறிப் பக்கம் போய் ஒரு மணி நேரம் வேலை பாருங்கள்.