லாக்ஸ்டாஷில் வரும் ரெக்கார்டுகளுக்கு எலாஸ்டிக்சர்ச்சில் தேடிக் கூடுதல் விவரம் சேர்ப்பது சரியான முறையா?

சரியான முறைதான். ஆனால் நான் இதில் சூடு பட்டவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். புதியவர்களுக்கு: லாக்ஸ்டாஷ் என்பது டேட்டாவை வாங்கி, வழியில் மாற்றி, அடுத்த இடத்துக்கு அனுப்பும் புரோகிராம்; எலாஸ்டிக்சர்ச் டேட்டாவைச் சேமித்துத் தேடித் தரும் எஞ்சின்.

உங்கள் நிலைமையும் எங்களுடையதைப் போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வரும் ரெக்கார்டில் ஒரு கோடு மட்டும் இருக்கும்; பெயர், ஊர் எல்லாம் எலாஸ்டிக்சர்ச்சின் வேறொரு இண்டெக்ஸில் (டேபிள் போன்ற தொகுப்பில்) கிடக்கும். எங்கள் கிளையண்ட் ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனி. பில்லிங் மெஷின் அனுப்புவது கடை கோடு, தொகை, நேரம், அவ்வளவே. டேஷ்போர்டில் "சிபிஇ-017" என்று காட்டினால் யாருக்குப் புரியும்? அதனால் லாக்ஸ்டாஷின் எலாஸ்டிக்சர்ச் ஃபில்டரை (வரும் ரெக்கார்டுக்காக எலாஸ்டிக்சர்ச்சில் தேடும் பகுதி) போட்டு, ஒவ்வொரு பில் வரும்போதும் கடை மாஸ்டரில் (எல்லாக் கடைகளின் விவரப் பட்டியல்) தேடிக் கடைப் பெயரை ஒட்டும்படி எழுதினேன். எழுதியது நான்தான், மறைக்கவில்லை.

டெஸ்டில் ஆறு கடை, ஆறும் ஆறு ஊர். அட்டகாசமாக ஓடியது. வெள்ளிக்கிழமை ராத்திரி லைவ் போனோம். (வெள்ளிக்கிழமை ரிலீஸா என்று கேட்காதீர்கள், தேதி குறித்தது நான் இல்லை.) திங்கள் காலை கிளையண்டின் ரீஜனல் மேனேஜர் போனில் வந்தார். "தம்பி, கோயமுத்தூர் வியாபாரம் மொத்தமும் ஒரே கடையில நடந்ததா காட்டுது. அந்தக் கடைக்கு இன்னும் திறப்பு விழாவே ஆகலை. உள்ளே பெயிண்ட் அடிச்சுட்டிருக்காங்க."

என்ன நடந்தது என்றால், கடை கோடு டெக்ஸ்ட் ஃபீல்டாக, அதாவது சொல் சொல்லாக வெட்டித் தேடும் வகையாக, ஏறியிருந்தது. அப்படி வெட்டும் ஸ்டாண்டர்ட் அனலைசர் நடுவில் இருக்கும் ஹைஃபனில் வெட்டி "சிபிஇ", "017" என்று இரண்டு துண்டாக்கிவிடும். நாம் எழுதும் தேடல் வரியான குவெரி ஸ்ட்ரிங்கோ, நாம் வேறு சொல்லாதவரை, இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, சிபிஇ (கோயமுத்தூர்) என்று தொடங்கும் கடை எல்லாமே பொருத்தம். அதற்குமேல் அந்த ஃபில்டர், எது நன்றாகப் பொருந்துகிறது என்று பார்க்காது; டிஃபால்ட்டாக டைம்ஸ்டாம்ப்படி புதியதை மேலே வைத்து, முதல் ஒன்றை மட்டும் எடுக்கும். மாஸ்டரில் கடைசியாக ஏற்றியது அந்தப் பெயிண்ட் காயாத கடை. டெஸ்டில் ஊருக்கு ஒரு கடைதான், அதனால் மாட்டவில்லை.

திருத்தம் ஒரே வரி: டெக்ஸ்டை விட்டுவிட்டு அதன் கீவேர்ட் சப்ஃபீல்டில் (வெட்டாமல் முழு மதிப்பாக வைத்திருக்கும் நகல்), மதிப்பை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேட வேண்டும். ஆனால் மூன்று நாள் பில்களைத் திரும்ப ஓட்டி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. ஆபீஸ் கேப் அந்த மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். ஆட்டோவில் போய் 380 ரூபாய் கிளெய்ம் போட்டால், பிரிண்ட் பில் இல்லை என்று நிராகரித்தார்கள். நடுராத்திரி ஒரு மணிக்கு எந்த ஆட்டோக்காரர் ஜிஎஸ்டி நம்பரோடு பில் கொடுப்பார்? கேட்டால் "பாலிசி" என்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

இன்னொன்று. தேடலில் எரர் வந்தால் ஃபில்டர் ரெக்கார்டில் ஒரு ஃபெயிலியர் டேக் (தோல்வி என்ற அடையாளம்) போடும். தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் போடாது, ரெக்கார்டு சத்தமில்லாமல் வெறுமையாகப் போய்விடும். ஃபில்டருக்கு அடுத்து, கடைப் பெயர் இல்லாவிட்டால் நீங்களே ஒரு டேக் போடும்படி ஒரு இஃப் வையுங்கள்.

"இதற்கு என்ரிச் பிராசஸர் இருக்கிறதே" என்று யாராவது கீழே வருவீர்கள். தெரியும், எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ளேயே விவரம் ஒட்டும் வசதி. அது எலாஸ்டிக்சர்ச் 7.5 வெர்ஷனில் வந்தது, எங்களிடம் அப்போது இருந்தது 6.8. இன்றைக்கு என்றால் நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன், கடை மாஸ்டர் போல அடிக்கடி மாறாத விவரத்துக்கு. ஆனால் அது தேடுவது மூல இண்டெக்ஸில் இல்லை, அதன் பாலிசியை (எந்த இண்டெக்ஸில் எதைத் தேடி எதை ஒட்டுவது என்ற விதி) எக்ஸிகியூட் செய்தபோது எடுத்த நகலில். மாஸ்டரில் புதுக் கடை சேர்த்துவிட்டு மறுபடி எக்ஸிகியூட் செய்யாவிட்டால் அந்தக் கடை அதற்குத் தெரியவே தெரியாது. பாலிசியைத் திருத்தவும் முடியாது, புதிதாக ஒன்று எழுத வேண்டும். விவரம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் என்றால் லாக்ஸ்டாஷ் ஃபில்டர்தான். ஆனால் ரெக்கார்டுக்கு ஒரு தேடல் என்ற சுமை எலாஸ்டிக்சர்ச் கிளஸ்டர் (சர்வர் கூட்டம்) மேல் விழும். இருநூறு முந்நூறு வரிதான் என்றால் இரண்டும் வேண்டாம், ஒரு சிஎஸ்வி ஃபைலும், அதில் கோடைப் பார்த்துப் பெயர் தரும் லாக்ஸ்டாஷின் டிரான்ஸ்லேட் ஃபில்டரும் போதும்.

டேட்டாபேஸிலேயே ஜாயின் (இரண்டு டேபிள் இணைப்பு) போட்டிருக்கலாமே என்பவர்களுக்கு: போட்டிருக்கலாம். டேட்டாபேஸுக்கு ஆக்சஸ் தரவில்லை.

உங்கள் கோடுகளில் ஹைஃபனோ ஸ்லாஷோ இருக்கிறதா என்று கேள்வியில் சொல்லவில்லை. இருந்தால் மாதிரிக்கு ஒரு ரெக்கார்டும் அந்த ஃபீல்டின் மேப்பிங்கும் (எந்த வகை ஃபீல்ட் என்ற வரையறை) கமெண்டில் போடுங்கள், கிளையண்ட் பெயரை அழித்துவிட்டு.