சம்பளம் யார் போனுக்கு வருகிறது?

கேள்வி: கோவையில் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். வயது 39, கணவர் இல்லை. அடல் பென்ஷன் பற்றி மகன் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கூட வேலை செய்யும் ஒடிசாப் பெண் அதையே தன் மொழியில் பார்த்துவிட்டு, பேங்க்கில் சேர்ந்தும் விட்டாள். என் மகனோ, "எல்லாம் ஏமாற்று வேலை, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்கிறான். மூன்று வீட்டுச் சம்பளம் அவன் ஜிபேக்கே வந்துவிடுகிறது, ஒரு வீட்டில் மட்டும் கையில் தருவார்கள். நான் சேரலாமா?

பதில்: சேருங்கள். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது, ஏமாற்று வேலை இல்லை. 40 வயது வரைதான் சேர்ப்பார்கள். உங்கள் வயதில் மாதம் 264 ரூபாய் கட்டினால் 60-க்கு மேல் மாதம் 1,000 வரும். 5,000 வேண்டுமென்றால் 1,318 கட்ட வேண்டும். வீடியோவோடு லிங்க் ஏதாவது வந்திருந்தால் தொடாதீர்கள். பேங்க்குக்கு நேரில் போய் பாரம் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த ஜிபே. பாத்திரம் தேய்ப்பது நீங்கள், பணம் வந்ததென்று மணி அடிப்பது அவன் சட்டைப் பையில். போன மாதம் எவ்வளவு வந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்? பென்ஷனுக்கான பணத்தை மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். கணக்கில் ஒன்றும் இல்லாவிட்டால் எதைப் பிடிப்பது?

மகனைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. பெற்றவளுக்குச் சோறு போடுவது அவன் கடமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. அம்மா சம்பளத்தை வாங்கி அம்மாவுக்கே போடுகிற சோறு எந்தக் கணக்கில் சேரும்? நாளை மருமகள் வருவாள். அவளிடம் போய் மாத்திரைக்குக் காசு கேட்டு நிற்பீர்கள். அவள் முகம் சுளித்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். வராத பெண்ணை இப்போதே கெட்டவளாக்க வேண்டுமா?

ஒரு பட்டன் போன் போதும். உங்கள் பெயரில் சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றுங்கள்; கைரேகை வைத்தால் போதும், மகன் போனுக்கு வரும் ஓடிபி வேண்டாம். அப்புறம் பேங்க்கிலும் அதே நம்பர். மூன்று வீட்டுக்காரர்களிடமும் உங்கள் கணக்கு எண்ணைக் கொடுங்கள். நாமினி இடத்தில் மகன் பெயரைத் தாராளமாக எழுதுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆதார் மையத்தில் அரை நாள் போய்விடும். கையில் காசு தருகிற அந்த வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி லீவு கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கூடவே வரச் சொல்லுங்கள், தங்கச்சி.