துணைக்கு ஆள் வரட்டும், கம்பு வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் கொள்ளிடக்கரையில், அணைக்கரைக்குப் பக்கம். மணல் திருட்டைப் பற்றி அண்ணன் விடாமல் மனு கொடுத்து வருகிறார். இப்போது இரவில் நம்பர் பிளேட் இல்லாத பைக் ஒன்று அவர் பின்னாலேயே வருகிறது. சண்டை நடக்கும் நாடுகளில் ஆயுதம் இல்லாமல் துணைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களாமே, அது நமக்குச் சரிப்படுமா? ஊர்ப் பையன்கள் நாலு பேர் கம்போடு வரத் தயார்.

பதில்: கம்பை முதலில் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள், அம்மா. ஏதாவது நடந்தால் ‘இரு தரப்பு மோதல்’ என்று எழுதி, அண்ணன் பெயரையும் எஃப்.ஐ.ஆரில் ஏற்றிவிடுவார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1981இல் தொடங்கியது. குவாத்தமாலாவில் காணாமற்போனவர்களின் குடும்பத்தார் நடத்திய சங்கத்தில் இரண்டு தலைவர்களை 1985இல் சில நாள் இடைவெளியில் கொன்றார்கள். அதன்பின் மற்ற தலைவர்களோடு இந்தத் தொண்டர்கள் இரவும் பகலும் கூடவே இருந்தார்கள். அந்தத் தலைவர்கள் உயிர் தப்பினார்கள். இலங்கையிலும் 1989 முதல் 1998 வரை இந்த அமைப்பினர் இதே வேலையைச் செய்தார்கள். யோசனை நமக்குப் புதிதல்ல, காந்தியவாதி வினோபா பாவே 1957இல் தொடங்கிய சாந்தி சேனை என்ற அமைதிப் படையும் இந்த வழிதான்.

கூட நடக்கிறவர் அடியைத் தடுக்கப்போவதில்லை. அடித்தால் யாருக்கெல்லாம் தெரியும், எவ்வளவு சீக்கிரம் தெரியும் என்று எதிராளி கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். அதனால் துணைக்கு ஆள் வருவதற்கு முன்பே கலெக்டர், எஸ்.பி., ஆர்.டி.ஓ. மூவருக்கும் ஸ்பீட் போஸ்டில் கடிதம் போகட்டும்: இன்ன தேதி முதல் இன்னார் இவரோடு வருகிறார், மிரட்டல் இப்படி இப்படி என்று.

ஆள் தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சொந்தத் தெருப் பையன் வந்தால் அவனும் ‘அந்த ஆளு கோஷ்டி’ ஆகிவிடுவான். கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியையோ வழக்கறிஞரோ வரட்டும். அவர் போன் செய்தால் அதிகாரி எடுக்க வேண்டும். தாலுகா ஆபீசில் அண்ணன் மனு கொடுக்கும்போது அவர் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து நேரத்தையும், யார் வந்தார் போனார் என்பதையும் குறித்துக்கொண்டால் போதும். மனு எழுதித் தருவது, லாரியை மறிப்பது, வீடியோ எடுப்பது எதுவும் கூடாது. செய்தால் அவரும் ஒரு தரப்பு.

அப்புறம் வீட்டில் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள்: எட்டு மணிக்குள் ‘வந்தாச்சு’ போன் வராவிட்டால் முதலில் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை.

பெயர் கெடுமே என்ற பயம் துளியும் இல்லாத கூலி ஆளிடம் இது எடுபடாது. அப்படித் தோன்றினால் வீம்பு பார்க்காமல் அண்ணனைச் சில வாரம் வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். மணல் வழக்கில் அவர் சாட்சி என்றால், உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வழியுண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்; எல்லா வழக்குக்கும் அது பொருந்தாது.

பைக் வந்த தேதி, நேரம், இடத்தை இன்றிரவே எழுதுங்கள். நாளைக் காலை அதை வைத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.