தக்கோலத்தில் ராஜாதித்தன் பிழைத்திருந்தால்: கேள்வி பதில்

949-இல் காஞ்சிக்கு வடக்கே நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான். எதிர்த்து வந்தவன் தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். ராஜாதித்தனைக் கொன்றவன் கிருஷ்ணனின் சகோதரி கணவன், கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அப்போது தஞ்சையில் அவன் தந்தை, சோழ மன்னன் பராந்தகன், உயிரோடுதான் இருந்தான். பறிபோனது அடுத்து பட்டம் ஏற வேண்டிய மகன். அந்தச் சாவை மட்டும் மாற்றிக் கதை எழுதினால் என்ன ஆகும் என்று வந்த கேள்விகள் இவை.

சார், ராஜாதித்தன் சாகவில்லை என்றால் சோழர்கள் ஜெயித்திருப்பார்கள்தானே?

அவசியமில்லை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அவன் உயிர் பிழைப்பது வேறு, போரில் வெல்வது வேறு. ஒருவன் பிழைக்க ஓர் அம்பு விலகினால் போதும். வெற்றி வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பத்து வருடங்களையும் மாற்ற வேண்டும். வடக்கு எல்லையைச் சோழருக்காகக் காத்துவந்த இரண்டாம் பிருதிவீபதி இறந்துபோயிருந்தான். பராந்தகன் நாட்டை விட்டுத் துரத்திய பாண அரச குலத்தார் கிருஷ்ணனிடம் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கங்க நாட்டில் அண்ணன் ராசமல்லனைக் கொன்று பூதுகன் அரசனாகியிருந்தான். அவனுக்குக் கிருஷ்ணன் துணை நின்றான். இத்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு களத்தில் மட்டும் வெற்றியைக் கொடுத்தால் கதை நிற்காது.

என் கணிப்பு இது: ராஜாதித்தன் காயத்தோடு தெற்கே பின்வாங்குகிறான், தொண்டை மண்டலம் அப்போதும் கைவிட்டுப் போகிறது. ஆனால் சோழர்களுக்கு வாரிசு மிஞ்சுகிறான். நிலம் எப்படியும் திரும்பக் கிடைத்தது. 967-இல் கிருஷ்ணன் இறந்தான், 972-இல் மாளவத்துப் பரமாரர் ராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்தைக் கொள்ளையடித்தார்கள், அடுத்த வருடமே சாளுக்கியன் இரண்டாம் தைலபன் ராஷ்டிரகூட வம்சத்தை முடித்துவைத்தான். அந்த இளவரசன்தான் திரும்பவில்லை.

தஞ்சையிலிருந்து உதவிப் படை வந்து சேருவதாக எழுதலாமா?

எழுதலாம், நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜாதித்தன் வருடக்கணக்கில் படையோடு தங்கியிருந்த திருநாவலூரிலிருந்து தக்கோலம் நேர்கோட்டில் சுமார் 145 கி.மீ. தஞ்சையிலிருந்து 250-க்கு மேல். யானையும் பொதிமாடும் சேர்ந்த படை நாளைக்கு 15 கி.மீ. நடக்கும் என்று வைத்தால், திருநாவலூரிலிருந்து பத்து நாள், தஞ்சையிலிருந்து பதினேழு நாளுக்கு மேல். வழியில் கொள்ளிடம், வெள்ளாறு, பெண்ணை, பாலாறு இருக்கின்றன. வெள்ள காலமென்றால் கணக்கே மாறிவிடும். தூதுவன் போய்ச் சேரும் நாளையும் கூட்டுங்கள். போர் தொடங்கியபின் ஆள் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. காஞ்சி சுமார் 20 கி.மீ. தெற்கேதான். அங்கே முன்கூட்டியே ஒரு படையை நிறுத்திவைத்தால் நம்பும்படி இருக்கும்.

அவன் செத்தது அம்பாலா, வாளாலா? காட்சியை எப்படி அமைப்பது?

இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு, கிருஷ்ணராஜனையே கலங்கடித்தவன் கூரிய அம்புகளால் மார்பு பிளந்து விண்ணுலகம் போனான் என்கிறது. கங்கர் பக்கத்து ஆதகூர்க் கல்வெட்டோ, யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிப் பூதுகன் குத்திக் கொன்றான் என்கிறது. முதலில் அம்பு தைத்துத் தளர்ந்தான், பிறகு பூதுகன் ஏறிவந்தான் என்று இரண்டையும் ஒரே காட்சியில் இணைக்க முடியும். அப்படியானால் நீங்கள் மாற்ற வேண்டியது அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நொடிகள். பாகன் யானையைத் திருப்பிவிட்டால் போதும்.

ஆதகூர்க் கல் ஒரு நாய்க்காக எடுத்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பூதுகனின் வீரன் மணலேரன் போரில் நன்றாகச் சண்டையிட்டான். பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் ஒரு காட்டுப் பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அதற்காக நட்ட கல் அது. மேலே நாயும் பன்றியும் மோதும் சிற்பம். சக ஆண்டு 872 (கி.பி. 949-50) என்று தேதியும் இருக்கிறது. ராஜாதித்தனைக் கொன்றதற்காகப் பூதுகன் பெற்ற நாடுகளின் பட்டியலும் அதிலேயே வருகிறது: வனவாசி 12000, பெள்வலம் 300, புரிகெரே 300 என்று போகும். ஓர் இளவரசனின் தலைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் நமக்குக் கிடைத்தது பெரும் பேறு.

அண்ணா, நேராகவே கேட்கிறேன். ராஜராஜன் வந்திருப்பானா?

பிறந்திருக்கலாம். பேரரசனாகியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடந்ததைப் பாருங்கள். 955 வாக்கில் பராந்தகன் மறைந்தபோது அரசு இரண்டாவது மகன் கண்டராதித்தனிடம் இருந்தது. அவன் மகன் மதுராந்தகன் சிறுவன் என்பதால் தம்பி அரிஞ்சயனுக்குப் போனது. அரிஞ்சயன் சீக்கிரமே இறக்க, அவன் மகன் சுந்தர சோழன் 957-இல் வந்தான். சுந்தரனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையானான். பிறகு அந்த மதுராந்தகன்தான் உத்தம சோழனாக ஆண்டான். 985-இல்தான் ராஜராஜனின் முறை வந்தது. இந்த வளைவுகள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் தக்கோலம்.

ராஜாதித்தன் பிழைத்து 955-இல் பட்டம் ஏறினால் வம்சம் அவன் கிளையில் போயிருக்கும். அவனுக்கு மகன் இல்லாவிட்டால் மட்டுமே கண்டராதித்தன். அரிஞ்சயன் கிளை மண்டலம் ஆளும் இளவரசர்களாகவே நின்றிருக்கும். ராஜராஜன் ஆகாத அருண்மொழி திறமையான தளபதியாகியிருப்பான். தஞ்சைப் பெரிய கோயில் இருந்திருக்காது. எனக்கு இது வருத்தம் தரும் முடிவுதான், ஆனாலும் தர்க்கம் அங்கேதான் கொண்டுபோகிறது.

ராஷ்டிரகூடர் வந்தது வெறும் நிலத்துக்காகவா ஐயா?

நிலமும் உண்டு, அரியணைச் சண்டையும் உண்டு. முதலாம் ஆதித்தனுக்கு ராஷ்டிரகூட இளவரசியிடம் பிறந்த மகன் கன்னரதேவன். அவனை விலக்கி 907-இல் பராந்தகன் வந்ததால்தான் இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்துத் திருவல்லத்தில் தோற்றான். பிறகு பராந்தகன் தன் மகளை நான்காம் கோவிந்தனுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்தக் கோவிந்தனை அரியணையிலிருந்து இறக்கியது மூன்றாம் கிருஷ்ணனின் தந்தை. துரத்தப்பட்ட மாப்பிள்ளை சோழரிடம் வந்து சேர்ந்தான். ஆக இரண்டு வீடுகளும் ஒன்றின் வாரிசு விஷயத்தில் மற்றொன்று கைவைத்துக்கொண்டே இருந்தன. ராஜாதித்தன் பிழைத்த கதையில் கோவிந்தன் என்ன ஆனான் என்பதை விட்டுவிடாதீர்கள். அவனை முன்னிறுத்தி வடக்கே படை நடத்துவது சோழருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல வாய்ப்பு.

துணைப் பாத்திரமாக யாரைச் சொல்வீர்கள்?

வெள்ளங்குமரன். மலைநாட்டுக்காரன் (கேரளம்), ராஜாதித்தனின் பெரும்படை நாயகன், 943-இல் கிராமம் என்ற ஊரில் கோயில் எடுத்தவன். தலைவனோடு சாக முடியாமல் போனதால் கங்கையாடித் துறவியாகி, திருவொற்றியூரில் மடத் தலைவனான சதுரானன பண்டிதர் இவனே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ராஜாதித்தன் பிழைத்தால் இவன் துறவு கொள்ளக் காரணம் இல்லை, திருவொற்றியூருக்கு அந்தப் பண்டிதரும் இல்லை.

என் கதையில் ராஜாதித்தன் காலக் கல்வெட்டு ஒன்று வர வேண்டும். எப்படித் தொடங்கட்டும்?

சோழர் ராசகேசரி, பரகேசரி என்று பட்டத்தை மாற்றி மாற்றிச் சூடினார்கள். பராந்தகன் பரகேசரி, எனவே ராஜாதித்தன் ராசகேசரி. "கோவிராசகேசரி பன்மர்க்கு யாண்டு 3-ஆவது" என்று தொடங்கி, நாடு, ஊர், கோயில், பிறகு விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கை என்று போங்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. அரசன் புகழைச் சொல்லும் நீண்ட மெய்க்கீர்த்தியை மட்டும் வைக்க வேண்டாம். அந்த வழக்கத்தைத் தொடங்கியது ராஜராஜன், உங்கள் கதையில் அவன் அரசனே இல்லை.