கதவில் ஒட்டிய தாளும் நீதிமன்றத் தாளும்

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரின் யீஷூனில் என் அம்மாவுடன் வசிக்கிறேன். ஆட்குறைப்பில் வேலை போனபின், இரண்டு கடன்பற்று அட்டைகளின் நிலுவை வட்டியோடு சேர்ந்து 28,000 வெள்ளியாகிவிட்டது. இப்போது குறைந்த சம்பளத்தில் வேறு வேலை பார்க்கிறேன். வங்கி அமர்த்திய வசூல் நிறுவனத்தினர் ஒரு நாளைக்குப் பத்து முறை அழைக்கிறார்கள். என் மேற்பார்வையாளரிடமும் கடனைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். சென்ற வாரம் இரும்புக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு தாளை ஒட்டிச் சென்றார்கள். என்னைச் சிறையில் அடைத்துவிடுவார்கள் என்று அம்மா அழுகிறார். தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமன்று, அதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலோ உங்களுடைய மத்திய சேம நிதியிலோ அந்த வங்கி கை வைக்கவும் முடியாது.

கதவில் ஒட்டப்பட்ட தாளைக் கிழித்தெறியாதீர்கள். ஒட்டியிருந்த நிலையில் படமெடுத்திருந்தால் இன்னும் நல்லது. வசூல் நிறுவனம் நடத்த 2022ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். மிரட்டியோ இழிவாகப் பேசியோ ஒருவரை வேண்டுமென்றே கலங்க வைப்பவருக்கு, துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அழைத்த நாள், நேரம், எண், பேசிய சொற்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். மேற்பார்வையாளரிடம் என்ன சொன்னார்கள் என்பதை அவரிடமே கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இவற்றை வங்கியின் புகார்ப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இனி எழுத்து மூலமாகவே தொடர்பு கொள்ளும்படி கேளுங்கள். வசூலிப்பவர் வேறு நிறுவனத்தார் என்றாலும், அவரை அனுப்பியது வங்கிதான். அடிப்பேன், உடைப்பேன் என்ற பேச்சு வந்தால் காவல்துறையில் புகார் செய்யுங்கள்.

ஆனால், எனக்குக் கவலை தருவது அந்தச் சிவப்பு எழுத்து அல்ல, நீங்கள் அணைத்து வைத்திருக்கும் தொலைபேசியும், அத்துடன் பிரிக்காமல் விட்டிருக்கக்கூடிய அஞ்சல் உறைகளும்தான். நீதிமன்றத் தாளில் மிரட்டலே இருக்காது. அது அமைதியாகத்தான் வந்து சேரும். வழக்குத் தாள் கையில் கிடைத்தால், அதை எதிர்க்கப் போவதாகத் தெரிவிக்க 14 நாள்தான் அவகாசம். பேசாமல் இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். கடன் 15,000 வெள்ளியை எட்டினாலே உங்களை நொடித்தவராக (திவாலானவராக) அறிவிக்கக் கோரி வங்கி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதால், பணம் கோரும் சட்டப்படியான அறிவிப்பு வந்தால் 21 நாள்களுக்குள் நீங்கள் அசைந்தாக வேண்டும்.

அதற்கு முன்பே கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை நாடுங்கள். அவர்கள் கடன் கொடுப்பதில்லை. சம்பளச் சீட்டையும் வீட்டுச் செலவையும் பார்த்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, வட்டியைக் குறைத்துச் சில ஆண்டுகளில் அடைத்து முடிக்கும் ஒரு திட்டத்தை வங்கிகளின் முன்வைப்பார்கள். வங்கிகள் இசைய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு 25 விழுக்காட்டிற்கும் மேல் வட்டி ஏறும் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பதைவிட இதுவே மேல். உங்கள் வருமானம் கூடினால் முன்கூட்டியே அடைக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். கூப்பிடுகிறவரின் வாயை அடைக்க வேண்டும் என்று உரிமமில்லாமல் கடன் கொடுக்கும் கடன்முதலையிடம் ஐந்நூறு வெள்ளி வாங்கிவிடாதீர்கள்; கதவில் தாள் ஒட்டுவதோடு நிற்பவர்கள் அல்லர் அவர்கள்.

இன்றிரவே தொலைபேசியைத் திறந்து, உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அனுப்பியவர் வங்கியா, வசூல் நிறுவனமா, நீதிமன்றமா என்று மூன்று அடுக்காக அம்மாவின் முன்னாலேயே பிரித்து வையுங்கள். மூன்றாவது அடுக்கில் ஒரு தாளாவது இருந்தால், நாளைக் காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, உங்கள் வட்டாரத்தில் இலவசச் சட்ட ஆலோசனை எங்கே, எந்த நாளில் என்று சமூக மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.