கடல் மணலைக் கழுவினால் போதுமா? செடித் தொட்டிக்கு மலிவான அடிமண்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டடி மீன் தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். செடி நட்டு வளர்க்க ஆசை. செடிக்கென்றே விற்கும் அக்வா சொயில் வாங்கப் போனால் தொட்டியின் விலையைவிடக் கூட வருகிறது. இன்னொரு கடையில் வெள்ளை மணல் மலிவாகத் தருகிறார்கள். வீட்டிலோ, கடல் மணலையே நன்றாகக் கழுவிப் போடு என்கிறார்கள். எதைப் போடலாம்? கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம். நியோன் டெட்ரா மீன் விடலாம் என்று எண்ணம்."

கடல் மணல் வேண்டாம். அந்த வெள்ளை மணலும் சோதித்துப் பார்க்காமல் வேண்டாம். அக்வா சொயில் உங்களுக்குத் தேவையே இல்லை. வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு வாளி ஆற்று மணல், அதில் பாதியளவு நல்ல மண். உங்கள் தொட்டிக்கு இது தாராளம்.

கழுவினால் உப்புப் போகும். சிப்பி போகாது. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் கரையோர மணலில் சிப்பித் துகள், சங்குத் துண்டு, பாசிக்குடாப் பக்கம் என்றால் முருகைக்கல் பொடி என்று கலந்துதான் கிடக்கும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டு எடுப்பதுதானே. அதே சுண்ணாம்புச் சத்து தொட்டியில் மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், பி.எச். எனும் அமில-கார அளவையும் ஏற்றும். அப்படியான தண்ணீரில் இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும், புதிய இலை மஞ்சளாக வரும். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் ஏற்கனவே கடினம். உங்கள் கேத்தலின் உள்ளே வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் நியோன் டெட்ரா எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது மென்மையான தண்ணீரின் மீன். வாவி மணலுக்கும் இதே கதைதான்.

சோதனை சுலபம். ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடிக் குவளையில் போட்டு முதலில் தண்ணீரில் நனைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். காய்ந்த மணலில் ஊற்றினால் உள்ளே இருந்த காற்றே குமிழியாக வந்து உங்களை ஏமாற்றும். அப்புறம் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ ஊற்றிக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சிறுசிறு குமிழி விடாமல் வந்து 'சிர்' என்று சத்தம் கேட்டால் அதில் சிப்பி இருக்கிறது. கடைக்காரர் என்ன பெயர் சொல்லி விற்றாலும் சரி, நுரைத்தால் வாங்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. கப்பி, மொலி மாதிரி மீன்கள் கடினத் தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். மொலி கொஞ்சம் உவர்ப்பையும் தாங்கும். செடிகளில் வலிஸ்னேரியா, அந்த நாடா மாதிரி நீண்ட இலைச் செடி, கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்று என்ற பொருளையே எடுத்து வளரக்கூடியது. ஆகவே கப்பியும் வலிஸ்னேரியாவும் மட்டும் என்றால் சிப்பி கலந்த மணலிலும் தொட்டி ஓடும். கல்லடியில் ஒரு வீட்டில் அப்படி ஒரு தொட்டி பார்த்தேன், புல் வயல் மாதிரி நிறைந்து நின்றது. ஆனால் அவர்கள் வேறு செடி வைக்கவில்லை, மீனையும் மாற்றவில்லை. ஆறு மாதம் கழித்து ஆசைப்பட்டு டெட்ரா வாங்கி விட்டால் இந்த விலக்கு செல்லாது. அதோடு, இதைச் சாட்டாக வைத்துக் கடற்கரைக்கு வாளி கொண்டு போகவும் கூடாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து 300 மீற்றர் வரையான நிலத்தையும் தன் வலயத்துக்குள் வைத்திருக்கிறது. அங்கே மணல் அள்ளுவதற்கு அனுமதி வேண்டும்.

ஆற்று மணலுக்கும் அனுமதிப்பத்திரம்தான். டிப்பர் கணக்கில் ஏற்றுகிறவர்களை நினைத்து எழுதிய சட்டம் அது. ஒரு வாளி மணல் தேவைப்படுகிற மனிதன் நேர்மையாக எந்தக் கதவைத் தட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை. இரவில் ஆறு ஆறாகத் தோண்டிக்கொண்டு போகிறார்கள், அதைப் பார்க்க ஆள் இல்லை. எனக்கு இது வருடக்கணக்கான கோபம். ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் மேசனிடம் கேளுங்கள். பூச்சுக்கு மணல் அரிக்கும்போது அரிதட்டில் மிஞ்சுகிற குறுணியை அவர்கள் ஒதுக்கிக் கொட்டுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரையான அந்தப் பரல்தான் செடி வேருக்கு மிகப் பொருத்தம். பெரும்பாலும் காசும் கேட்க மாட்டார்கள். சீமெந்து குழைத்த இடத்துக்குக் கிட்ட அள்ள வேண்டாம், சீமெந்தும் சுண்ணாம்பு வேலையைத்தான் செய்யும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தேசிக்காய்ச் சோதனையை மறக்காமல் செய்யுங்கள். தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள்.

இனி மண். வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் இருக்கிற உங்கள் வளவு மண்ணே கடல் மணல்தான், அது உதவாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே வளவு மண் கேளுங்கள். வளவு மண்தான், வயல் மண் அல்ல. வயலில் யூரியா போட்டிருப்பார்கள், களைநாசினி அடித்திருப்பார்கள். யூரியா தண்ணீரில் அமோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும். அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் கறுப்புக் களியைக் காட்டி 'இதைவிடச் சத்தான மண் உண்டா' என்று கேட்பார்கள். நெல்லுக்குச் சத்துத்தான். தொட்டிக்கு வேண்டாம். மாட்டுச் சாணம், கோழி எரு எதுவும் கலக்கக் கூடாது.

மண்ணை அரித்து, வேர், இலை, குச்சி எடுத்துவிட்டு, வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மிதப்பதை ஊற்றி, வெயிலில் காயவையுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை. அழுகக்கூடியது இங்கேயே அழுகி முடியட்டும். ஒரு பிடி சிவப்புக் கிரவல் கிடைத்தால் பொடித்துக் கலந்தால் இரும்புச் சத்து சேரும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

உங்கள் தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்கிறேன். அடியில் மண் 2 சென்ரிமீற்றர், அதாவது 3.6 லீற்றர். மேலே மணல் 4 சென்ரிமீற்றர், 7.2 லீற்றர், கிட்டத்தட்ட 11 கிலோ. மண் எந்த இடத்திலும் வெளியே தெரியக் கூடாது. ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெதுவாக விட்டால் கலங்காது.

அக்வா சொயில் கெட்ட பொருள் அல்ல. அது தண்ணீரின் கடினத்தை உறிஞ்சி மென்மையாக்குகிற மண் உருண்டைகள். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் உருண்டைகள் உடைந்து சேறாகும். மறுபடி பை வாங்கச் சொல்வார்கள். அதைவிட மோசம், பெரிய மூட்டையைப் பிரித்து, பெயர் இல்லாத பொலித்தீன் பையில் கட்டி விற்பது. என்ன மண், எங்கே செய்தது, எத்தனை லீற்றர், ஒன்றும் எழுதியிருக்காது. எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு பை தந்தார்கள். மேலே உருண்டை, அடியில் சாயம் ஏற்றிய கல். பிஸ்கட் பைக்கு விபரம் ஒட்டச் சொல்கிற நாட்டில் இதற்கு ஏன் யாரும் கேட்பதில்லை? நிறக்கல்லும் வேண்டாம், அதற்குச் சத்தும் இல்லை, நாளாக ஆகச் சாயமும் உரியும்.

நிரப்பியதும் செடியை நெருக்கமாக நடுங்கள். முதல் மாதம் வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றுங்கள். ஆறு வாரம் வரை மீன் விடவேண்டாம், மண்ணிலிருந்து அமோனியா வரும் காலம் அது. வாரத்துக்கொரு தடவை ஈர்க்கால் மணலை அங்கங்கே மெல்லக் குத்துங்கள். அழுகல் முட்டை மணம் வந்தால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி குத்துங்கள்.

செடியில் கிரிப்டோகொரைன் வெண்ட்டி வாங்குங்கள். இலங்கைக்கே உரிய செடி, வேரால் உண்பது, இந்த மண்ணுக்கு அதுதான் ஏற்றது. நட்ட சில நாளில் இலையெல்லாம் கூழாகிக் கரைந்துவிடலாம். கடையில் போய்ச் சொன்னால் மண் பிழை என்று உரப் போத்தல் ஒன்றை உங்கள் கையில் திணிப்பார்கள். வாங்காதீர்கள். இடம் மாற்றினால் அது அப்படித்தான் செய்யும். கரைந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேரைப் பிடுங்கிப் பார்க்காமல் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து புது இலை வரும்.